எட்டு வெள்ளி முன்ஷி

1

மலாய் நாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாகப் புலியைப் பற்றி எழுதுவார்கள். இங்கே வந்த ஒன்பது வருஷத்தில் நான் பார்த்த ஒரே புலி ஒரு தைல டப்பாவின் மூடிமேல் இருந்தது. ஆகையால் சேலம் ஜில்லாவிலிருக்கும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும். புலிக்குப் பதிலாக என் கூச்சத்தைப் பற்றி எழுதுகிறேன். புலியால் எனக்கு இதுவரை ஒரு நஷ்டமும் இல்லை. கூச்சத்தால் உண்டு.

போன மாசம் என்னிடம் தமிழ் படித்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தமிழ்ப் பரீட்சையில் தேறினார். இங்கே ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் நம் ஜனங்கள். அதனால் தோட்டத்துக்கு வருகிற சின்னத் துரைகள் தமிழ் படித்துப் பரீட்சை கொடுக்க வேண்டும். தேறினால் சம்பளம் உயரும், கையிலும் ஒரு தொகை கிடைக்கும். அவர்களுக்குப் பாஷை சொல்லிக் கொடுக்கிற ஆளுக்கு முன்ஷி என்று பேர். ஈப்போவுக்குப் பக்கத்தில் நாலு தோட்டங்களுக்குச் சைக்கிளில் போய்வரும் முன்ஷி நான். எந்தத் தோட்டத்திலும் எனக்கு உத்தியோகம் கிடையாது. துரை ஒருவருக்கு மாசம் எட்டு வெள்ளி வீதம் வாங்கிப் பிழைக்கிறேன். வெள்ளி என்பது இந்த ஊர் நாணயம்.

தேறின துரை என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களாலே எனக்குச் சம்பளம் கூடிப்போச்சு முன்ஷி" என்று நான் சொல்லிக் கொடுத்த தமிழிலேயே சொன்னார். ஒரு டப்பா பிஸ்கோத்தும் கொடுத்தார். உலகத்தை ஜெயித்தவன்போல வீட்டுக்கு வந்தேன். என் மனைவி பழனியம்மாள் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"அவருக்குச் சம்பளம் ஏறிப்போச்சு. உங்களுக்கு என்னங்க ஏறுச்சு?"

"பிஸ்கோத்து சீமைச் சரக்கு" என்றேன்.

அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டு, மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. எங்கள் சின்ன மகள் சரசுவுக்கு ஏழு வயது. ஈப்போப் பட்டணத்தில் பெண் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று மாசச் சம்பளத்தை மாசக் கடைசிக்குள் முன்பணமாகக் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். ஒரு துரை தேறிப்போனதில் என் வரும்படியில் எட்டு வெள்ளி குறைந்தும் போயிருந்தது. நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் வருமானம் குறைகிற தொழில் இது.

பெரிய மகள் பாவாயிக்குப் பதினைந்து வயது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே பள்ளிக்கூடத்து வாசல்வரைக்கும் வந்து திரும்பினவள் அவள். அப்போதும் துரைக்கு எட்டு வெள்ளிதான் வாங்கிக்கொண்டிருந்தேன். கட்ட முடியவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த மூன்றாம் வகுப்போடு வீட்டில் இருக்கிறாள்.

"பெரியவளுக்குப் பண்ணுனதைச் சின்னவளுக்கும் பண்ணிப்போடாதீங்க" என்றாள் பழனியம்மாள். "போய்ப் பன்னெண்டு வெள்ளி வேணும்னு கேளுங்க. வாய் இருக்குதில்ல?"

வாய் இருக்கிறது. விலை சொல்லத்தான் அது திறக்காது.

2

அதற்குக் குலத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா நாமக்கல்லுக்கு மேற்கே மாட்டுத் தரகர். கொஞ்சம் மானாவாரிப் பூமியும் இருந்தது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் தரகு. பெரும்பாலும் தரகுதான்.

எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அதற்கடியில் அப்பா விற்கிறவன் விரலைப் பிடிப்பார். பிறகு வாங்குகிறவன் விரலைப் பிடிப்பார். சுற்றிலும் ஐம்பது பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. "வெலையை வாயில சொன்னா மாட்டுக்குக் கண்ணு பட்டுரும், மனுசனுக்கு மருவாதி போயிரும் சாமி" என்பார் என்னிடம்.

மாடு கைமாறின பிறகு அவருடைய தரகுக்கு என்ன செய்வார்? அதை விரலால்கூடக் கேட்க மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்துக் குடுங்க" என்பார், அவ்வளவுதான். கொடுக்கிறவன் மடியை அவிழ்த்து, யோசித்து, ஒன்று கூடவே வைத்துக் கொடுப்பான். குறைத்துக் கொடுத்தவன் பேர் சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துபோகும். அடுத்த சந்தையில் எந்தத் தரகரும் அவனுக்காகத் துண்டை எடுக்க மாட்டார். சின்ன வயதில் நான் கவனித்ததெல்லாம் கேட்காமலே கிடைக்கிறது என்கிற பாதியை மட்டும்தான். அடுத்த சந்தை என்கிற மற்றப் பாதி என் மண்டையில் ஏறவில்லை. ஈப்போவில் அடுத்த சந்தை கிடையாது.

பழனியம்மாள் வேறு மண். அவள் தகப்பனாருக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் புளி மண்டி. காலையில் கதவு திறக்கும்போதே விலையைத் தெருக்கோடிவரை கேட்கும்படி கூவுகிற இடம் அது. எங்கள் கல்யாணப் பேச்சில் அவர் நேராக, "மாப்பிள்ளைக்கு என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டார். எங்கள் அப்பா வழக்கப்படி, "நீங்க பாத்துச் செய்யுங்க" என்றார். அவரும் பார்த்தார். பார்த்து ஒரு குடை செய்தார். வெளிநாடு என்பது எங்கள் குடும்பத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையிலேயே ஆரம்பமாகிவிட்டது. அந்தக் குடை இங்கத்திய மழைக்கு உபயோகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

3

விலையை உயர்த்தவே நினைக்கவில்லை என்று என்னைப் பற்றி யாரும் நினைக்கக் கூடாது. ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் கேட்க முடியுமா? துரைகளே கலங்கிப் போயிருக்கிறார்கள். ரப்பர் விலை ஏறின வருஷம் அவர்களுக்கு என் முகத்தைப் பார்க்க நேரமில்லை. பரீட்சைக்கு முன்னால் கேட்டால் கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்குவதுபோல இருக்கும். பரீட்சை முடிந்து தேறினவர் என் மாணவரே அல்ல. தோற்றவரிடம் கேட்க எந்த முகத்தோடு போவது? மழைக் காலத்தில் துரைகள் எரிந்து விழுவார்கள். வெயில் காலத்தில் நான் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேரும்போது பேச மூச்சு இருக்காது. டிசம்பரில் அவர்களுக்குப் பண்டிகை. ஜனவரியில் அந்தப் பண்டிகைச் செலவு.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் வருஷத்தில் கேட்கத் தகுந்த நாள் பிப்ரவரியில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். அந்த நாட்களில் எனக்குத் தடிமன் பிடிக்கும்.

4

என் முதல் மாணவர் ஒரு நெட்டைத் துரை. நான் முன்ஷியான நாளிலிருந்து இன்றுவரை என்னிடம் படிக்கிறார். அவ்வளவு ஆர்வமா என்று கேட்காதீர்கள். நாலு தரம் பரீட்சையில் தோற்றிருக்கிறார். மனுஷர் தங்கமானவர். பேசச் சொன்னால் அருவி மாதிரி பேசுவார். எழுதச் சொன்னால்தான் வராது.

அவர் பேசுகிற தமிழ் நம் ஊர்த் தமிழ். வேறெந்தத் தமிழை நான் கண்டேன்? ஒருநாள் காலையில் அவர் பால்மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற, ஜனங்களை வரிசையாக நிறுத்திவைத்து, "ஏனுங்க, நேத்து ஏனுங்க பாலு கொறஞ்சுபோச்சு? இன்னைக்காச்சும் நல்லா வெட்டுங்க" என்றாராம். இதுவரை எந்தத் துரை வாயிலும் 'டா' தவிர வேறொன்றும் கேட்டறியாத ஜனங்கள் முதலில் பயந்துபோனார்கள். பிறகு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் துரையின் பிரிவில் பால் கூடுதலாக வந்தது என்று சொல்லக் கேள்வி.

ஆனால் விஷயம் பெரிய துரை காதுக்கு எட்டி எனக்கு ஒரு காகிதம் வந்தது. கூலிக்காரர்களுக்கு மரியாதை கொடுத்துப் பேசும் பாஷையை இனி என் மாணவர்களுக்குக் கற்பிக்கக் கூடாது. உத்தரவு போடும் பாஷையைக் கற்பிக்க வேண்டும். இதைப் படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதே காகிதத்துக்கு மூன்று நகல்கள். மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். எனக்கே வராத பாஷையை எப்படிக் கற்பிப்பது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மூன்று நகலில் கண்டனம் வாங்கின முன்ஷி சம்பள உயர்வு கேட்க முடியாது என்று சொல்லி அந்த வருஷத்தையும் தள்ளிவிட்டேன்.

நெட்டைத் துரை மட்டும் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நான் மாத்த மாட்டேனுங்க" என்றார்.

5

பிஸ்கோத்து வந்த வாரத்திலேயே நல்ல காலமாக ஒரு புதுத் துரை வந்தார். பழனியம்மாள் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய கிராக்கியிடம் விலையை ஏற்றுவதுதான் சங்கடம். புதியவருக்கு நம் பழைய விலை தெரியாது. அவரிடம் முதலிலேயே புது விலையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. புளி மண்டியில் அப்படித்தானாம்.

"எங்கே, எங்கிட்டச் சொல்லுங்க பார்க்கலாம். நாந்தான் தொரை. முன்ஷி, எவ்வளவு?"

"பன்னெண்டு வெள்ளி" என்றேன்.

"தரையைப் பாக்காமச் சொல்லுங்க."

ஆறு மைல் தூரமும் சைக்கிள் மணியை அடித்து அடித்துப் பன்னிரண்டு வெள்ளி, பன்னிரண்டு வெள்ளி என்று சொல்லிக்கொண்டே போனேன். எதிரே வந்த சீனக் கிழவர் ஒருவர் ஏலம் போகிறது என்று நினைத்தோ என்னவோ நின்று பார்த்தார். புதுத் துரை இருபத்திரண்டு வயதுப் பையன். வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டான். அங்கேதான் கெட்டது. மரியாதை காட்டுகிறவனிடம் எப்படி விலை பேசுவது?

"எவ்வளவு?" என்று கேட்டான்.

"மத்தத் துரைகள் எட்டு வெள்ளி கொடுக்கிறார்கள். தாங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்று என் வாய் சொல்லிற்று. இங்கிலீஷில்தான் சொன்னேன். நம் ஊர்ப் பேச்சு அந்தப் பாஷையிலும் எனக்கு ஒரு தடையில்லாமல் வந்தது.

அவன் என் மாமனாரைப் போலவே பார்த்தான். தான் வேலைக்குப் புதுசு, கையில் கொஞ்சம் முடை, ஏழு வெள்ளி சரியா என்று கேட்டான். சரி என்றேன். விலையை உயர்த்தப் போய் ஒரு வெள்ளி இறக்கிவிட்டு வந்த முன்ஷி இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. பிஸ்கோத்து மட்டும் கிடைத்தது.

6

வாயால் முடியாததைப் பாடத்தால் முடிக்கலாம் என்று பிறகு தோன்றியது. நெட்டைத் துரைக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி உண்டு. நான் தமிழில் சொல்வேன், அவர் இங்கிலீஷில் எழுத வேண்டும். அன்று நான் சொன்ன பாடம் இது: "ஒரு ஊரில் ஒரு முன்ஷி இருந்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அரிசி விலை ஏறியது. துணி விலை ஏறியது. முன்ஷியின் சம்பளம் ஏறவில்லை. ஆறு வருஷமாக அவர் ஒரே சம்பளம் வாங்கினார். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட அவருக்கு வழி இல்லை."

துரை நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஒரு பிழையும் இல்லை. அவர் பிழையில்லாமல் எழுதினது அதுதான் முதல் தடவை. எனக்குத்தான் கண்ணில் நீர் வந்தது.

"பாவங்க அந்த முன்ஷி" என்றார். "அப்புறம் என்ன ஆச்சுங்க?"

"அது அடுத்த பாடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7

மாசக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பாரம் வந்தது. தகப்பனார் பேர், ஊர், தொழில் எல்லாம் எழுதி, மாத வருமானம் என்ற இடத்தில் 'ஏறக்குறைய' என்று எழுதினேன். தொகை மாறிக்கொண்டிருக்கிறதே என்று அதற்குமேல் எழுதவில்லை. அங்கே குமாஸ்தா ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். பாரத்தைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஏறக்குறைய எண்டு ஒரு தொகை இருக்கோ?" என்று கேட்டார். "உங்கட விலை என்னெண்டு உங்களுக்கே தெரியாட்டில் நாங்கள் என்னத்தைப் பதியிறது?"

பாரத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வீட்டில் சரசு கம்பங்களியைத் தள்ளி வைத்துவிட்டு, "தாக் மாவ்" என்று மலாய்க்காரக் குழந்தைபோல உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்பதற்கு அவளுக்குத் தமிழில் வார்த்தை வருவதில்லை. வேண்டாம் என்று சொல்லவாவது வருகிறதே என்று ஒரு பக்கம் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். நாமக்கல் என்றால் 'அப்பாவோட நாடு' என்கிறாள். அவளைத் திட்டினால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போகிற நீயே திட்டலாமா என்று என் மனசே கேட்கிறது.

பாவாயி ஒரு துணியை மடித்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, பக்கத்து ஊட்டு அக்கா ரெண்டு ரவிக்கை தெச்சுத் தரச் சொன்னாங்க. தோட்டத்துல கணக்கெழுதற கிராணியார் ஊட்டுலயும் மூணு இருக்குதாமுங்க. ரவிக்கைக்கு முப்பது காசுன்னு சொல்லிட்டனுங்க."

"நீயா சொன்னாய்?"

"ஆமாங்க. கேட்டாங்க, சொன்னேன். சரசு சம்பளத்துல கொஞ்சம் அதுல ஆகுமில்லீங்களா?"

எனக்கு அதைக் கேட்டு நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து திரும்பி வந்த பிள்ளை, தங்கைக்காக ஊசியை எடுத்திருக்கிறாள். விலையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்போதே சைக்கிளை எடுத்தேன். அன்று எனக்குப் பாட நாள்கூட அல்ல.

நெட்டைத் துரை பங்களா முன்னால் நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் பேச வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை.

"அடுத்த மாசத்திலிருந்து எனக்குப் பன்னிரண்டு வெள்ளி வேணும் துரை."

"சரிங்க" என்றார்.

அவ்வளவுதான். நாயைக்கூட விடவில்லை. ரப்பர் விலைக்கும், மழைக்கும், மூன்று நகல் காகிதத்துக்கும் நான் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த பதில்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"பன்னெண்டு போதுமுங்களா?" என்று கேட்டார். "முன்ஷிக்குப் பதினஞ்சு வரைக்கும் எங்க கம்பெனியே குடுக்குதுங்க. நான் எவ்வளவு எழுதறனோ அவ்வளவு வரும். நீங்க எட்டு வாங்குனீங்க, எட்டுன்னு எழுதினேன்."

"எப்போதிலிருந்து துரை?"

"மொதல்லேர்ந்தேங்க." பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பாடத்துல வந்த முன்ஷி நீங்கதானுங்களா? எனக்குத் தெரியலீங்க." முகம் சிவந்துபோயிற்று. மூன்று மாசத்துக்கு முன்பணமாக, பதினைந்து வெள்ளி வீதம் அங்கேயே எடுத்துக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் கட்டினேன். குமாஸ்தா வருமானத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். சரசுவுக்கு இடம் நிச்சயமாயிற்று. வீட்டுக்கு வரும் வழியில், துரையோடு நான் எப்படி வாதாடினேன் என்று ஒரு பெரிய கதை கட்டிக்கொண்டே வந்தேன். பழனியம்மாளிடம் சொல்ல ஆரம்பித்ததும் கட்டின கதை நிலைக்கவில்லை. இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டையும் ஏழையும் பன்னிரண்டையும் பதினைந்தையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பாவாயி சரசுவின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"மொதல்லேர்ந்தே குடுத்திருப்பாருங்களா அப்பா?"

"ஆமா சாமி."

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு கேட்டனே, அந்த வருசமுமுங்களா?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பழனியம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அந்த வருஷமும் குடுத்திருப்பார்" என்றேன்.

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அடுத்த பொத்தானை எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமாக நான் காப்பாற்றி வந்த மரியாதைக்கு அவள்தான் விலை கொடுத்து வந்திருக்கிறாள். அவளை மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியுமா என்று மறுநாளே போய்க் கேட்டேன். பதினைந்து வயதில் முதல் வகுப்பில் சேர்க்க விதி இல்லையாம்.

ஊரிலிருந்து இங்கே வந்து என்னைப்போல் தனித்தொழில் செய்ய நினைக்கிற தம்பிமார் சிலர், கூலியை எப்போது உயர்த்துவது, அதற்குச் சரியான சமயம் எது என்று கேட்டு எழுதுகிறார்கள். ஆறு வருஷம் யோசித்தவன் என்பதால் என்னிடம் கேட்பது நியாயம்தான். மற்றவர்களுக்கு எப்படியோ தெரியாது. எனக்குச் சரியான சமயம், பாவாயிக்குப் பத்து வயதாக இருந்தபோது.